விர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவரில் ட்ரான்ஸ்மிட் இன்டரப்டைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடி, ராயபுரம் பக்கத்து ஷிப்பிங் கிளியரிங் அலுவலகங்களில் தொடங்கி பெரம்பூர் கம்ப்யூட்டர் சென்டர் வரை, ஒரே பெட்டியில் நாலைந்து விஎம் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஓடுவது இப்போது சாதாரணம். அப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர்களும், டிரைவர் கோடில் கை வைக்கத் தொடங்கியிருக்கும் வடசென்னை மாணவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் லினக்ஸ் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்), கேவிஎம் ஹோஸ்ட் (லினக்ஸின் கேவிஎம் வசதியால் விஎம்களை ஓட்டும் பெட்டி), விர்ட்டியோ நெட் டிரைவர் (விஎம்முக்கென்றே செய்த மெய்நிகர் நெட்வொர்க் கார்டின் டிரைவர்) பற்றியவை. மற்ற டிரைவர்கள் கடைசியில் கொஞ்சம் வரும்.

பாக்கெட்டை அனுப்பியாகிவிட்டது. அப்புறம் எதற்கு ஒரு இன்டரப்ட்?

காலி கேனைத் திருப்பி எடுப்பதற்கு. தண்டையார்பேட்டையில் 20 லிட்டர் தண்ணி கேன் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கேன் உங்கள் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விஷயம் முடிந்தது, ஆனால் கேன் அவருடையது. அதுபோல டிரைவர் ஒரு பாக்கெட்டை ரிங்கில் (கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் பகிரும் வட்ட வரிசை) வைத்துவிட்டால், ஹோஸ்ட் அதைப் படித்து முடிக்கும்வரை அந்த மெமரியை விடுவிக்க முடியாது. "படித்துவிட்டேன், எடுத்துக்கொள்" என்று ஹோஸ்ட் சொல்வதுதான் ட்ரான்ஸ்மிட் இன்டரப்ட்.

ரிசீவ் பக்கம் வரும் இன்டரப்டில் புதுச் செய்தி இருக்கிறது. ட்ரான்ஸ்மிட் பக்கம் வருவது காலி கேன் செய்தி மட்டும்தான். பெரும்பாலான நேரம் யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. குறைக்க இடம் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான். ஆனால் "பெரும்பாலான நேரம்" என்பது "எப்போதும்" ஆகாது. கீழே வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

கிக்கும் இன்டரப்டும் ஒன்றுதானா?

இல்லை. கெஸ்ட், ஹோஸ்ட்டைத் தட்டி எழுப்புவது கிக். ஹோஸ்ட், கெஸ்ட்டைத் தட்டுவது இன்டரப்ட். இரண்டையும் குறைக்கத் தனித்தனி வழிகள் உண்டு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதன் எண்ணைப் பார்த்து "ஒன்றும் குறையவில்லையே" என்று வருகிறவர்கள் நிறைய.

ஒரு இன்டரப்டுக்கு அப்படி என்ன செலவு?

பழைய பெட்டியில் நிறைய. ஹோஸ்ட் இன்டரப்டைச் செலுத்த, ஓடிக்கொண்டிருக்கும் விசிபியூவை (விஎம்மின் சிபியூ) கெஸ்ட்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். அது ஒரு எக்ஸிட். கெஸ்ட் வேலையை முடித்து "இன்டரப்ட் முடிந்தது" என்று ஏபிஐசியில் (சிபியூவின் இன்டரப்ட் கன்ட்ரோலர்) எழுதினால் இன்னொரு எக்ஸிட். ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் போகவர ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் போகும். கேஷ் கலைவது தனிக் கணக்கு. கேவிஎம்மில் உள்ள பாராவிர்ச்சுவல் இஓஐ (அந்த "முடிந்தது" செய்தியைப் பகிர்ந்த மெமரி வழியாகச் சொல்வது) இரண்டாவது எக்ஸிட்டைப் பெருமளவு தவிர்த்துவிடும்.

இன்டெல் பக்கம் ஏபிஐசிவி, போஸ்டட் இன்டரப்ட் வசதி (ஏபிஐசி வேலையை விஎம்முக்காக சிபியூவே பார்த்துக்கொள்வது) வந்த பிறகு இரண்டும் பெரும்பாலும் எக்ஸிட் இல்லாமலே நடக்கின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜியான் ஈ5 முதல் தலைமுறைப் பெட்டி என்றால் அந்த வசதி கிடையாது. ஈ5 வி2 முதல்தான் வந்தது. ஹோஸ்ட்டில் கேவிஎம் இன்டெல் மாட்யூலின் பாராமீட்டர்களில் 'எனேபிள் ஏபிஐசிவி' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். 'ஒய்' என்று இருந்தால் உங்கள் பிரச்சினை பாதி சிறியது. எக்ஸிட் இல்லாவிட்டாலும் கெஸ்ட்டுக்குள் இன்டரப்ட் ஹேண்ட்லர் ஓடும் செலவு மட்டும் போகாது.

என் விஎம்மில் அதிகமாக வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கெஸ்ட்டில் 'ப்ராக்' அடைவில் உள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு க்யூவுக்கும் 'இன்புட்', 'அவுட்புட்' என்று முடியும் இரண்டு வரிகள் இருக்கும். நமக்கு வேண்டியது 'அவுட்புட்' வரி. கூடவே ஈத்டூலில் (நெட்வொர்க் கார்டு அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) பெரிய எழுத்து 'எஸ்' சுவிட்ச் கொடுத்து, அந்த க்யூவின் பாக்கெட் எண்ணையும் கிக் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 விநாடி கழித்து இரண்டையும் மறுபடி எடுத்துக் கழியுங்கள்.

இன்டரப்ட் வித்தியாசத்தைப் பாக்கெட் வித்தியாசத்தால் வகுங்கள். 4,00,000 பாக்கெட்டுக்கு 3,80,000 இன்டரப்ட் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, வேலை இருக்கிறது. 4,00,000க்கு 10,000 என்றால் விட்டுவிடுங்கள், தலைவலி வேறெங்கோ. ஹோஸ்ட் பக்கம் 'பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட்' எந்தக் காரணத்துக்காக எத்தனை எக்ஸிட் என்று பிரித்துக் காட்டும்.

லோடு இல்லாத நேரத்தில் அளந்தால் விகிதம் எப்போதும் ஒன்றை நெருங்கித்தான் இருக்கும். பாக்கெட் விட்டு விட்டுப் போகும்போது சேர்த்து முடிக்க எதுவும் இல்லை. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன? அடுத்த பாக்கெட் அனுப்பும்போது பழையதைச் சுத்தம் செய்தால் போதாதா?

விர்ட்டியோ நெட் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. கேன்காரர் காலி கேனுக்கென்று தனியாக வருவதில்லை, அடுத்த கேன் போட வரும்போது எடுத்துக்கொண்டு போவார். டிரைவரும் அதேபோல ஒவ்வொரு ட்ரான்ஸ்மிட்டின் தொடக்கத்திலும் முடிந்துபோன எஸ்கேபிகளை (கர்னல் ஒவ்வொரு பாக்கெட்டையும் வைத்திருக்கும் பஃபர்) விடுவிக்கும். ரிங்கில் இடம் குறைந்தால் மட்டும் க்யூவை நிறுத்தி இன்டரப்ட் கேட்கும். "குறைந்தால்" என்பதன் கணக்கு, ஒரு பெரிய பாக்கெட்டுக்குத் தேவையான இடம். வழக்கமான கர்னல் அமைப்பில் துண்டுகள் 17, அதோடு 2 சேர்த்து 19 இடங்கள்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் கடைசி கேனில். அந்த வீட்டில் இனி தண்ணீர் வாங்கவில்லை என்றால் காலி கேன் அங்கேயே கிடக்கும். அடுத்த பாக்கெட் போகாவிட்டால் கடைசி எஸ்கேபி ரிங்கிலேயே கிடக்கும். அது எந்த சாக்கெட்டுடையதோ, அதன் சென்ட் பஃபர் கணக்கும் மூடாது, சாக்கெட்டும் மூடாது. இதைத் தவிர்க்க டிரைவர் ஒரு குறுக்குவழி எடுத்தது: ரிங்கில் வைத்த உடனேயே எஸ்கேபியை சாக்கெட்டிலிருந்து பிரித்து அனாதையாக்கிவிடும். அதாவது கேன் வீட்டில் இருக்கும்போதே டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது.

டெபாசிட் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் எத்தனை கேன் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு யுடிபி புரோகிராம் சென்ட் பஃபர் எல்லைக்குக் கட்டுப்படாமல் ரிங்கை நிரப்பும். டிசிபியில் 2012இல் வந்த ஸ்மால் க்யூ ஏற்பாடு, ஒரு இணைப்பு கீழே எவ்வளவு குவித்து வைத்திருக்கிறது என்பதை இந்தக் கணக்கை வைத்தே கட்டுப்படுத்துகிறது. கணக்கு பொய் என்றால் அந்தக் கட்டுப்பாடும் பொய். அதே ஆண்டு வந்த பைட் க்யூ லிமிட் ஏற்பாடும் அனுப்பி முடிந்த தகவலை நம்பித்தான் இருக்கிறது. விளைவு: ஒரு விஎம்மில் பெரிய பேக்கப் ஓடும்போது அதே விஎம்மின் எஸ்எஸ்எச் விரல் தட்டுவதற்கும் எழுத்து வருவதற்கும் நடுவே தூங்குகிறது. த்ரூபுட் எண் மட்டும் அழகாக இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எப்படி நிறுத்துவது" அல்ல. இந்தச் செய்திக்காக இந்த நொடி யாராவது காத்திருக்கிறார்களா என்பதுதான். க்யூ நிறைந்து நிற்கிறது, சாக்கெட் கணக்கு மூடக் காத்திருக்கிறது, கடைசிப் பாக்கெட் கிடக்கிறது. இந்த மூன்றுக்கும் இன்டரப்ட் வர வேண்டும், மற்றதற்கு வேண்டாம்.

ஈவென்ட் இண்டெக்ஸ் என்பது இதற்குத்தானா?

ஆமாம். ஆரம்பத்தில் ஒரே ஒரு கொடிதான் இருந்தது: "இன்டரப்ட் வேண்டாம்". ஹோஸ்ட் அதைப் பார்க்கும்முன் கெஸ்ட் மாற்றிவிடலாம், அதனால் அது வெறும் கோரிக்கை. ஈவென்ட் இண்டெக்ஸ் வசதியில், ஃபீச்சர் பிட் எண் 29, கெஸ்ட் இன்னும் துல்லியமாகச் சொல்கிறது: "யூஸ்டு ரிங்கில் (ஹோஸ்ட் முடித்தவற்றின் பட்டியல்) இந்த எண்ணைத் தாண்டும்போது கூப்பிடு". அந்த எண் அவைலபிள் ரிங்கின் (கெஸ்ட் அனுப்ப வைத்தவற்றின் பட்டியல்) கடைசியில் எழுதப்படும்.

ஹோஸ்ட் செய்யும் சோதனையை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். போன தடவை சோதித்தபோது யூஸ்டு எண் 100, இப்போது 110, கெஸ்ட் கேட்ட எண் 104. புதியதிலிருந்து கேட்டதையும் ஒன்றையும் கழித்தால் 5. புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் 10. ஐந்து பத்தைவிடச் சிறியது, ஆகவே இன்டரப்ட். கேட்ட எண் 115 என்றால் முதல் கழித்தல் மைனஸ் 6. 16 பிட்டில் அது 65530. பத்தைவிடப் பெரியது, ஆகவே அமைதி.

சொந்தமாக டிவைஸ் எழுதுகிறவர்கள் இடறும் இடம் இதே கணக்குதான். இரண்டு பக்கத்தையும் 16 பிட் அன்சைன்டு எண்ணாகச் சுருக்காமல் சாதாரண இன்டில் விட்டால், எண்ணி 65535ஐத் தாண்டிச் சுற்றும் இடத்தில் உடையும். பழையது 65530, புதியது 4, கேட்டது 2. சரியான கணக்கில் 1, 10: இன்டரப்ட் வரும். இன்டில் போட்டால் 1, மைனஸ் 65526: வராது. 65,536 பாக்கெட்டுக்கு ஒருமுறை மட்டும் வாய்ப்புள்ள பிழை என்பதால் சின்ன டெஸ்ட்டில் மாட்டவே மாட்டாது. ராத்திரி பேக்கப்பில் மாட்டும்.

அந்த எண்ணை எங்கே வைப்பது?

லினக்ஸில் இதற்கு ஒரு தயார் வழி இருக்கிறது, தாமதமாகக் கூப்பிடச் சொல்லும் ஃபங்ஷன். இன்னும் முடியாமல் கிடப்பவற்றில் முக்கால் பங்கு முடிந்த பிறகு கூப்பிடு என்று எண்ணை வைக்கும். 240 கிடந்தால் 180க்கு அப்பால். 4 கிடந்தால் 3. ஒன்றே ஒன்று கிடந்தால் முக்கால் பங்கு பூஜ்யமாகிவிடும், உடனே கூப்பிடும். லோடுக்குத் தகுந்தபடி தானே சரிசெய்துகொள்வது இதன் அழகு. டைமரும் வேண்டாம்.

முக்கால் என்பதற்குப் பதில் முழுவதையும் கேட்டால் என்ன என்பார்கள். ரிங் முழுக்கக் காலியான பிறகுதான் கெஸ்ட் எழும். அது எழுந்து நிரப்பும்வரை ஹோஸ்ட் சும்மா இருக்கும். மீதிக் கால் பங்கு அந்த இடைவெளியை ஓட்டத்தான்.

க்யூ திடீரென்று நின்றுவிடுகிறது. பிங் கூடப் போகவில்லை. டிமெசேஜில் (கர்னல் செய்திப் பதிவு) ட்ரான்ஸ்மிட் டைம்அவுட் எச்சரிக்கை. ஏன்?

இன்டரப்டைத் திரும்ப இயக்கும் இடத்தில் ரேஸ் (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடி ஒன்றையொன்று தவறவிடுவது) இருக்கிறது என்பது முதல் சந்தேகம். கெஸ்ட் யூஸ்டு ரிங்கைப் பார்க்கிறது, காலி. ஈவென்ட் எண்ணை எழுதப் போகிறது. அதற்குள் ஹோஸ்ட் கடைசிப் பாக்கெட்டையும் முடித்து, பழைய எண்ணைப் பார்த்து "வேண்டாம் போல" என்று போய்விடுகிறது. இனிமேல் முடிக்க எதுவும் இல்லை, கூப்பிடவும் யாரும் இல்லை.

வைத்தியம் மூன்று படி, வரிசை மாறக் கூடாது. ஈவென்ட் எண்ணை எழுது. முழு மெமரி பேரியர் (முன்பு எழுதியது வெளியே தெரிந்த பிறகே அடுத்ததைப் படிக்க விடும் கட்டளை) போடு. யூஸ்டு ரிங்கை மறுபடி பார். ஏதாவது சேர்ந்திருந்தால் இன்டரப்டை மறுபடி அணைத்துவிட்டுச் சுத்தம் செய்யப் போ. எக்ஸ்86இல் பேரியர் இல்லாமலும் வேலை செய்வது போல இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எழுதியது பஃபரில் காத்திருக்க, படித்தது முந்திக்கொள்வதை எக்ஸ்86 அனுமதிக்கிறது. இங்கே நடப்பது சரியாக அதுதான். ரைட் பேரியர் மட்டும் போட்டுவிட்டு ஏன் நிற்கிறது என்று தேடுவதும் வழக்கம்.

நாபி டிஎக்ஸ் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

ட்ரான்ஸ்மிட் இன்டரப்ட் வந்ததும் அதை அணைத்துவிட்டு, சுத்தம் செய்யும் வேலையை நாபியின் 'போல்' சுழற்சிக்கு (இன்டரப்டுக்குக் காத்திராமல் கர்னல் தானே ரிங்கைப் பார்ப்பது) விடுகிறது. முடித்த பிறகு மறுபடி இயக்குகிறது. எஸ்கேபியை அனாதையாக்குவதில்லை, ஆகவே சாக்கெட் கணக்கு நேர்மையாக இருக்கும். விர்ட்டியோ நெட்டில் 2017இல் 4.12 கர்னலில் விருப்பத் தேர்வாக வந்தது, 2019இல் 5.3 முதல் இயல்பாகவே இயங்குகிறது. பைட் க்யூ லிமிட் 2024இல் சேர்ந்தது, அதுவும் நாபி டிஎக்ஸ் இருந்தால்தான் பயன்.

இன்டரப்ட் குறைவது இதில் ஒரு பக்கவாட்டு வழியில். ரிசீவ் பக்கத்து 'போல்' சுழற்சி ஓடும்போது, போகிற போக்கில் ஜோடி ட்ரான்ஸ்மிட் க்யூவையும் சுத்தம் செய்துவிடும். டிசிபியில் டேட்டா போனால் ஏசிகே ("வந்து சேர்ந்தது" என்ற பதில்) வந்தே தீரும். அந்த ஏசிகேக்கு வந்த ரிசீவ் இன்டரப்டே இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆனால் ஜோடியின் இரண்டு க்யூவும் ஒரே சிபியூவில் இருக்க வேண்டும். இன்டரப்டுகளைச் சிபியூக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐஆர்க்யூ பேலன்ஸ் சர்வீஸோ கையால் எழுதிய ஸ்கிரிப்ட்டோ இவற்றைப் பிரித்து வைத்தால் லாபம் போய், கேஷ் வரிகள் இரண்டு கோருக்கு நடுவே பந்தாடப்படும்.

மாற்றிப் பார்க்க: இன்டர்ஃபேஸைக் கீழே இறக்குங்கள். ஈத்டூலில் பெரிய எழுத்து 'சி' சுவிட்ச் கொடுத்து, 'டிஎக்ஸ் ஃப்ரேம்ஸ்' மதிப்பை 0 வைத்தால் நாபி டிஎக்ஸ் அணையும், 1 வைத்தால் இயங்கும். மேலே இருக்கும்போது மாற்றினால் 'பிஸி' என்று திருப்பி அனுப்பும். அந்த ஒரே நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள், கன்சோலிலிருந்து செய்யுங்கள்.

'ஐஆர்க்யூ, யாரும் கவனிக்கவில்லை' என்று கர்னல் கத்திவிட்டு இன்டரப்டையே அணைத்துவிட்டது.

மேலே சொன்ன பக்கவாட்டுச் சுத்தத்தின் மறுபக்கம் இது. ரிசீவ் பக்கத்து சுழற்சியோ அடுத்த ட்ரான்ஸ்மிட்டோ முந்திக்கொண்டு சுத்தம் செய்துவிடுகிறது. ஏற்கனவே கிளம்பிய இன்டரப்ட் வந்து பார்க்கும்போது ரிங் காலி. டிரைவர் "என்னுடையது இல்லை" என்கிறது. 1,00,000 இன்டரப்டில் 99,900க்கும் மேல் இப்படி ஆனால் கர்னல் அந்த வரியைப் பழுது என்று முடிவு கட்டி மூடிவிடும். விர்ட்டியோவில் இதற்கான திருத்தங்கள் 2021இல் வந்தன. பழைய கர்னல் என்றால் முதலில் அதை ஏற்றுங்கள்.

டைமர் வைத்துச் சேர்க்கலாமா? எத்தனை மைக்ரோ விநாடி?

விர்ட்டியோவில் நோட்டிஃபிகேஷன் கோலெஸிங் (செய்திகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்புவது) என்ற வசதி இருக்கிறது, ஃபீச்சர் பிட் 53. இத்தனை பாக்கெட் அல்லது இத்தனை மைக்ரோ விநாடி, எது முதலோ அப்போது கூப்பிடு என்று டிவைஸிடம் சொல்லலாம். க்யூவுக்கு க்யூ தனித்தனியாகச் சொல்ல பிட் 52. டிவைஸ் அந்த வசதியைத் தந்தால் மட்டுமே ஈத்டூல் மதிப்புகளை ஏற்கும், இல்லாவிட்டால் மேலே சொன்ன 0, 1 மட்டும்தான்.

மதிப்புக்கு உச்சவரம்பு ரிங் அளவிலிருந்து வரும். 256 இடம், ஒரு பாக்கெட்டுக்கு ஓர் இடம், விநாடிக்கு 10 லட்சம் பாக்கெட் என்றால் ரிங் 256 மைக்ரோ விநாடியில் நிறைந்துவிடும். டைமரை 250 வைத்தால் க்யூ நின்று நின்றுதான் ஓடும். 50 சுற்றி வைத்துத் தொடங்குங்கள், பாக்கெட் எண்ணை ரிங்கில் கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். டிசிபி ஸ்மால் க்யூ தோராயமாக ஒரு மில்லி விநாடிக்கான டேட்டாவைத்தான் கீழே விடும். முடிந்த செய்தியை அதற்கு நெருக்கமாகத் தாமதித்தால் இணைப்பே மூச்சு வாங்கும்.

பாக்கெட் எண்ணிக்கையையே குறைத்தால்?

உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோட் (டேட்டாவைத் துண்டாக்கும் வேலையைக் கார்டிடம் விடுவது) இயங்கினால் 64 கேபி வரை ஒரே எஸ்கேபியாக ரிங்கில் ஏறும். 1448 பைட் துண்டுகளாக என்றால் ஏறக்குறைய 45 பாக்கெட். 10 ஜிகாபிட் வேகத்தில் 1500 எம்டியூவோடு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) துண்டு துண்டாகப் போனால் விநாடிக்கு 8 லட்சத்துக்கும் மேல், 64 கேபியாகப் போனால் 19,000 சொச்சம். எந்த ஈவென்ட் இண்டெக்ஸும் இந்த அளவுக்குக் குறைக்காது. யாரோ எப்போதோ ஏதோ ஒரு ஃபயர்வால் பிரச்சினைக்காக இந்த ஆஃப்லோடை அணைத்து, அந்த வரி ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டில் மறந்து கிடப்பதைத் தேடிப் பாருங்கள். சின்ன யுடிபி பாக்கெட்டுக்கு இது உதவாது.

ரிங்கைப் பெரிதாக்கினால் இன்டரப்ட் குறையுமா?

கொஞ்சம். ஆனால் கியூஎமுவில் (விஎம்முக்கு கார்டு போன்ற டிவைஸ்களைக் காட்டும் ஹோஸ்ட் புரோகிராம்) ட்ரான்ஸ்மிட் க்யூ அளவு இயல்பாக 256. சாதாரண டேப் (ஹோஸ்ட்டின் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு), விஹோஸ்ட் நெட் (பாக்கெட்டை ஹோஸ்ட் கர்னலே கையாளுவது) அமைப்பில் அதற்கு மேல் போகாது. 1024 வரை போவது விஹோஸ்ட் யூசர் (பாக்கெட்டை ஹோஸ்ட்டில் தனி புரோகிராம் கையாளுவது) போன்றவற்றுக்குத்தான். அதைவிட, இன்டைரக்ட் டிஸ்கிரிப்டர் (பாக்கெட்டின் துண்டுகளைத் தனிப் பட்டியலில் வைத்து ரிங்கில் ஓர் இடம் மட்டும் எடுப்பது) இயங்குகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒரு பெரிய பாக்கெட் 19 இடம் வரை தின்னும், 256இல் 13 பாக்கெட்தான் ஏறும்.

ஹோஸ்ட் பக்கம் ஏதாவது திருக முடியுமா?

விஹோஸ்ட் நெட் ஏற்கனவே 64 வரை சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பும். அதை இயக்கி வையுங்கள், போதும். விஹோஸ்ட் இல்லாமல் கியூஎமுவே பாக்கெட்டைக் கையாளும் அமைப்பில் 'டிஎக்ஸ்' என்பதற்கு 'டைமர்' என்று கொடுத்தால் 150 மைக்ரோ விநாடி காத்திருந்து மொத்தமாக எடுக்கும். எண் குறையும், தாமதம் ஏறும். டேலி, ஈஆர்பி மாதிரி கேட்டால் உடனே பதில் வேண்டிய விஎம்மில் அதைத் தொடாதீர்கள்.

ஜென், ஈ1000?

ஜென் (கேவிஎம் போல விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருள்) அமைப்பின் நெட்ஃப்ரன்ட் டிரைவரிலும் முன்பு இதே யோசனைதான், முக்கால் பங்குக்குப் பதில் நிலுவையில் பாதி முடிந்ததும் கூப்பிடச் சொன்னது. பின்னர் லினக்ஸில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஈ1000 எமுலேஷன் (பழைய இன்டெல் கார்டைப் போல நடிப்பது) வேறு சாதி. அங்கே இன்டரப்ட் வந்ததும் டிரைவர் காரண ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். படித்தால்தான் அது அழியும், படிப்பதே ஒரு எக்ஸிட். டிரைவரின் ட்ரான்ஸ்மிட் தாமத மதிப்பு இயல்பாக 8, மொத்தத் தாமத எல்லை 32, இரண்டும் 1.024 மைக்ரோ விநாடி அலகில். அவற்றை ஏற்றிப் பார்ப்பதைவிட, பழைய கெஸ்ட் ஓஎஸ் கட்டாயம் எதுவும் இல்லையென்றால் கார்டு மாடலை விர்ட்டியோவுக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கெஸ்ட் என்றால் மாற்றுவதற்கு முன்பே விர்ட்டியோ டிரைவரை நிறுவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விஎம் எழும், நெட்வொர்க் எழாது.